ஓட வேண்டிய இடம், நிற்க வேண்டிய இடம்

ஜொன்ஜு நகரிலிருந்து வெளிவரும் ‘கல்பாலம்’ காலாண்டிதழின் மெய்ப்பு மேசையில் முப்பத்தொரு ஆண்டுகள் வீற்றிருந்து, பிழைகளுக்கு எமனாகவும் எழுதியவர்களுக்குத் துணையாகவும் விளங்கி, இன்று பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய பியோ கும்சில் அம்மையார் அவர்களின் முன்னிலையில், உடன் பணியாற்றியோர் ஒருங்கே நின்று வாசித்தளிக்கும் மடல்.

காற்புள்ளியின் காவலரே!

கருணை மிகுந்த கத்தரிக்கோலே! கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதே கண்ணாடியை மேசையெங்கும் தேடும் கண்ணியமே! வணக்கம்.

இதுவரை இவ்வுலகில் வாசிக்கப்பட்ட பணிநிறைவு மடல்கள் அனைத்தும் நன்றிகெட்டவை. இதை நாங்கள் முழுப் பொறுப்போடு சொல்கிறோம். முப்பது ஆண்டு உழைத்தவரை முப்பது வரியில் முடித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுத்து, சாப்பிட அனுப்பிவிடுகிறார்கள். இம்மடல் அந்தப் பாவத்தைச் செய்யாது. தாங்கள் பணியில் சேர்ந்த நாள்தொட்டு இன்றுவரை பதினோராயிரத்து முந்நூற்று இருபத்து மூன்று நாட்கள். அவற்றில் ஒன்றையும் சுருக்க மாட்டோம், ஒன்றையும் தாண்ட மாட்டோம். ஒவ்வொரு நாளையும் காட்சியாகக் கண்முன் நிறுத்துவோம். அவையோர் வசதியாக அமர்க.

முதல் நாள். மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை. காலை எட்டு மணி ஐம்பத்தொரு நிமிடம். மழை. பணிமனையின் மரக் கதவு முன் தாங்கள் நிற்கிறீர்கள். இடக்கையில் பழுப்பு நிறக் குடை. குடையின் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. அக்கம்பியின் நுனியில் ஒரு துளி திரள்கிறது. துளி இன்னும் விழவில்லை. துளிக்குள் எதிரே உள்ள நூடுல்ஸ் கடையின் பெயர்ப்பலகை தலைகீழாகத் தெரிகிறது. பலகையில் எட்டு எழுத்துகள். முதல் எழுத்து...

ஒத்திகையின்போது இந்த இடத்தில்தான் இதழின் முதன்மை ஆசிரியர் நம்குங் சொக் அவர்கள் கையை உயர்த்தினார்.

“ஏம்ப்பா, அவங்க இன்னும் குடையவே மடக்கலையே?”

“ஒன்பதாம் பக்கத்துல மடக்குவாங்க சார்.”

“சரி, சாப்பாடு எப்ப?”

“எந்த வருஷத்து சாப்பாடு சார்?”

இந்தப் பதிலைச் சிரிக்காமல் சொன்னவன், எங்கள் கதைப் பிரிவின் உதவி ஆசிரியன் தாக் யுன்ஹோ. மேலே கண்ட பேருறுதியும் மழைத்துளியும் அவன் கைவண்ணமே. இம்மடலை எழுதும் பணி அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவனை ‘அவர்’ என்று எழுதுவதே மடலுக்கு மரபு. அவன்தான் பேனாவை எடுத்து அத்தனை ‘அவர்’களையும் அடித்து ‘அவன்’ ஆக்கினான். காரணத்தைக் கேட்டோம். “படிச்சா தெரியும்” என்றான்.

பிழை பொறுக்கும் பெருந்தகையீர்!

யுன்ஹோ எங்களிடம் வந்து சேர்ந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன். கல்லூரிச் சுவரில் நையாண்டிப் பத்திரிகை ஒட்டி, மூன்று பேராசிரியர்களைப் பேசாமடந்தையாக்கியவன் என்ற புகழோடு வந்தான். வரும்போதே ஒரு கொள்கையும் கொண்டுவந்தான். கதை என்றால் காட்சி. காட்சியாக வராதது கதையில்லை. ‘சில காலம் சென்றது’, ‘ஆண்டுகள் ஓடின’ என்று எழுதுகிறவன் எழுத்தாளன் இல்லை, ரயில்வே அட்டவணை. இதை அவன் நாள்தோறும் சொன்னான். சாப்பிடும்போதும் சொன்னான்.

அந்தக் கொள்கைக்கு நேர் எதிரே, ஜன்னலோர மேசையில், தங்கள் இரண்டு பென்சில்கள் இருந்தன. ஒன்று நீலம், மற்றது சிவப்பு. பக்கத்தின் ஓரத்தில் தாங்கள் மேலிருந்து கீழாக நீலக் கோடு இழுத்தால், இந்த இடத்தைச் சுருக்கி ஓடு என்று பொருள். ஒரு வரியைச் சிவப்பால் வட்டமிட்டால், இங்கே நின்று காட்டு என்று பொருள். தென்கோடித் தீவுகளிலிருந்து கதை அனுப்புகிறவர்களுக்குக்கூட இது தெரியும். அவர்களில் ஒருவர், தங்கையின் கல்யாணத்துக்குப் போகும் அண்ணனைப் பதினான்கு பக்கம் பேருந்திலேயே உட்கார வைத்திருந்தார். பதினான்கு பக்கத்துக்கும் நீலக் கோடு இழுத்து, ஓரத்தில் இரண்டே சொல் எழுதினீர்கள். “பஸ் வந்துவிட்டது.” இன்னொருவர், ‘அன்று மாலை சண்டையிட்டுப் பிரிந்தார்கள்’ என்று ஒரே வரியில் ஒரு குடும்பத்தைக் கலைத்திருந்தார். அதற்குச் சிவப்பு வட்டம். “நில். முதலில் செருப்பு போட்டது யார்?” அவர் மூன்று மாதம் யோசித்துத் திருப்பி அனுப்பிய கதை, எங்கள் இதழின் பெருமைகளில் ஒன்று. ‘துன்பம் மிகுந்த ஐந்து ஆண்டுகள் கழிந்தன’ என்று எழுதி அனுப்பிய ஓர் ஓய்வுபெற்ற தபால்காரருக்குத் தாங்கள் எழுதியதை, எங்களில் பலர் இன்றும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். “ஓடலாம். ஆனால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.”

யுன்ஹோ இதையெல்லாம் விடவில்லை.

“நம்ம வாழ்க்கைய மேடம் கையில குடுத்தா, ‘பிறந்தான், மற்றும் பல’ன்னு முடிச்சிடுவாங்க” என்றான், பணிமனை முழுக்கக் கேட்கும்படி.

தாங்கள் தலை நிமிரவில்லை. “உனக்கு ‘மற்றும் பல’ கூட அதிகம் தம்பி.”

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் தவறில்லை. அடுத்த சிரிப்பைப் பற்றித்தான் இம்மடல்.

மன்னித்தருளும் மாண்பினரே!

குளிர்காலந்தோறும் புதியவர்களுக்கான கதைப் போட்டி நடத்துகிறோம். வருகிற கதைகளின் தலைப்பில் உள்ள பெயரைக் கத்தரித்துவிட்டு எண் கொடுப்போம். எழுதியது யார் என்று நடுவருக்குத் தெரியாது. பணிமனையில் இருப்பவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. கலந்துகொள்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

யுன்ஹோ வந்த முதல் குளிர்காலத்தில் முதல் சுற்று நடுவர் அவனே. அவன் கைக்கு வந்த நாற்பத்தேழாம் எண் கதையில், மறதி நோய் கண்ட கணவரோடு வாழும் ஒரு பெண். நோய் தொடங்கும் நாள் ஒரு காட்சி. கணவர் இறந்தபின் வீட்டைப் பெருக்கும் நாள் ஒரு காட்சி. இரண்டுக்கும் நடுவே நான்கு வரி. அவ்வளவே.

“அதன்பின் பதினொரு ஆண்டுகள். மூன்று கெட்டில்கள் அடிப்பிடித்தன. வாசல் தாழ்ப்பாள் உள்ளிருந்து வெளியே மாறியது. கடைசிவரை அவர் என்னை அக்கா என்றே அழைத்தார்.”

யுன்ஹோவுக்குப் புதையல் கிடைத்தது. போட்டி முடிந்ததும் இதழில் நடுவர் கருத்து அச்சாவது வழக்கம். தேர்வானவர்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதினான். தேராத நாற்பத்தேழைப் பற்றி மூன்று பத்தி. அந்த நான்கு வரிகளையும் அப்படியே எடுத்துப் போட்டு, இது கதையா, பாத்திரக்கடை இருப்புப் பட்டியலா என்று கேட்டான். பதினொரு ஆண்டுக்கு மூன்று கெட்டில் என்றால், நம் நாட்டின் ஐயாயிரம் ஆண்டு வரலாற்றையும் ஆயிரத்து ஐந்நூறு கெட்டில்களில் சொல்லி முடித்துவிடலாமே என்று எழுதினான்.

எழுதியதைத் தங்கள் மேசைமேல் இருக்கும் மெய்ப்புத் தட்டில் வைத்தான். தங்கள் பென்சில் படாமல் இப்பணிமனையை விட்டு எந்த எழுத்தும் வெளியேறியதில்லை. உணவகத்துக்கு எழுதும் சாப்பாட்டுச் சீட்டுக்கூட வெளியேறியதில்லை. மாலை ஐந்து மணிக்கு அது திரும்பி வந்தது. மூன்று பத்தியிலும் ஒரே ஒரு திருத்தம். ஆயிரத்து ஐந்நூறை அடித்துவிட்டு, ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்தீர்கள். “கணக்கு தவறு. ஆயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று வரும்.”

“பாத்தீங்களா, மேடமே ரசிச்சு கணக்கு போட்டிருக்காங்க!” என்று யுன்ஹோ அந்தத் தாளை எங்கள் எல்லோருக்கும் காட்டினான். நாங்களும் பார்த்தோம். எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததற்கு யுன்ஹோ மட்டும் பொறுப்பல்ல. இதழ் அச்சுக்குப் போன நாளில் நாம் எல்லோரும், இன்று கூடியிருக்கும் இதே கடைக்கு வந்து அரிசிக்கள் குடிப்பது வழக்கம். இவ்வூரில் அரிசிக்கள்ளைக் கெட்டிலில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அன்று முதல் கெட்டில் மேசைக்கு வந்ததும் யாரோ கத்தினார்கள்: “அதன்பின் பதினொரு ஆண்டுகள்!” மூன்றாவது கெட்டில் வந்ததும் எல்லோரும் சேர்ந்து கத்தினோம்: “மூணாவது! கதை முடிஞ்சுது!” அது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு இதழ், ஒவ்வொரு முறையும் கத்தினோம். முதன்மை ஆசிரியர் நம்குங் சொக் அவர்களின் குரலே அதில் பெரியது. இவ்வரியை நீக்கும்படி அவர் கேட்கவில்லை.

தாங்கள் மேசையின் அந்த ஓரத்தில் இருந்தீர்கள். கெட்டிலை எடுத்து எங்கள் கிண்ணங்களில் ஊற்றியது தாங்கள்.

பொறுமையின் பேருருவே!

போன மாதம் தங்கள் மேசையைக் காலிசெய்ய யுன்ஹோ உதவிக்கு வந்தான். ஜன்னல் விளிம்பில், அடி கறுத்துப்போன ஒரு பழைய கெட்டில் இருந்தது. அதில் மண் நிரப்பி வெங்காயத்தாள் நட்டிருந்தீர்கள். ஐந்து ஆண்டுகளாக அது அங்கே இருந்தது. நாங்கள் மீந்த தேநீரை அதில் ஊற்றியிருக்கிறோம். நூடுல்ஸுக்குத் தாளைக் கிள்ளிப் போட்டிருக்கிறோம். என்ன கெட்டில் என்று கேட்டதில்லை.

“மேடம், இத தூக்கிப் போட்டுரட்டுமா? அடி தீஞ்சு கெடக்கு.”

“வேணாம் தம்பி. மூணாவது இது.”

யுன்ஹோவின் கை பாதியில் நின்றது.

“அன்னைக்கு அவரு ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டாரு” என்றீர்கள், அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே. “தண்ணி வெச்சிருந்தேன். கதவு தெறந்திருக்கறதப் பாத்ததும் அடுப்ப அணைக்காம ஓடிட்டேன்.”

“அப்ப... மொதல் ரெண்டு?”

“மொத தடவ சந்தையில கெடச்சாரு. அடுத்தது ஆத்தங்கரையில. அதுக்கப்புறந்தான் தாழ்ப்பாள வெளியில மாத்துனேன். அப்பவும் ஒரு நாள் மறந்துட்டேன். அதான் இது. அந்தக் கத்திரிய எடு.”

யுன்ஹோ கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தான். நான்கு ஆண்டுகளில் அவன் பேசாமலிருந்த முதல் மதியம் அதுவே. அந்தப் பதினொரு ஆண்டுகளும் தாங்கள் மாலை ஐந்து அடித்ததும் கிளம்பியது எங்களுக்குத் தெரியும். கேட்டால், “வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு” என்பீர்கள். தங்கள் கணவர் காலமானபோது ஒருநாள் விடுப்பு எடுத்தீர்கள். எங்கள் முன்னால் தாங்கள் அந்த ஆண்டுகளைச் சுருக்கியே சொல்லியிருந்தீர்கள். விரித்துக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று கெட்டில் என்பது மூன்று ஓட்டம். யுன்ஹோவுக்கு அது புரிந்தது. தான் அச்சில் சிரித்தது எதைப் பார்த்து என்பதும் புரிந்தது. தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணிநிறைவுக்கு இருபது நாள் இருந்தது. அதற்குப்பின் தாங்கள் மோக்போவில் தங்கை வீட்டருகே குடியேறிவிடுவீர்கள்.

அவன் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக எழுத உட்கார்ந்தான். பதினோராயிரம் நாட்களும் ஒரே மூச்சில் ஆகாது என்பதால், முதற்கட்டமாக ஆண்டுக்கு ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு தாள் எழுதினான். ஒவ்வொரு நாளுக்கும் வானிலை உண்டு, தங்கள் மேலங்கியின் பொத்தான் எண்ணிக்கை உண்டு, தாங்கள் அருந்திய பார்லித் தேநீரின் சூடு உண்டு. எதையும் விடாமல் எழுதினால் மன்னிப்பும் அதற்குள் எங்கேனும் அடங்கிவிடும் என்று நம்பினான் போலும்.

அங்கேதான் எங்கள் கைகள் எங்களைக் காட்டிக்கொடுத்தன. தங்களுக்கு வாசிக்க வேண்டிய மடல் அது, தங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டியது. ஒத்திகை முடிந்ததும் எங்களில் ஒருவர், முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில், அந்தக் கட்டைத் தங்கள் தட்டில் வைத்துவிட்டார். வைத்தது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தாங்களும், தட்டில் இருந்ததால், திருத்திவிட்டீர்கள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கட்டு திரும்பி வந்தது. முதல் தாளில் தொடங்கிய நீலக் கோடு நானூற்றுப் பன்னிரண்டாம் தாளில்தான் நின்றிருந்தது. முதல் பக்க ஓரத்தில், “குடையை மடக்கட்டும்.” வேறெங்கும் ஒரு சொல்லும் இல்லை, ஓர் இடத்தைத் தவிர. இருபத்தேழாம் ஆண்டு. மற்ற முப்பது ஆண்டுகளுக்கும் பதின்மூன்று, பதினான்கு தாள்கள். அந்த ஆண்டுக்கு மட்டும் யுன்ஹோ ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: ‘அவ்வாண்டின் புதியோர் போட்டி வழக்கம்போல் நடந்து முடிந்தது.’

அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “இங்கே நில்.”

ஒரு நாளையும் தாண்ட மாட்டேன் என்று ஆணையிட்டவன் தாண்டியது அந்த ஓர் ஆண்டையே. சுருக்கிச் சொல்வது சோம்பேறித்தனம் என்றவன், சோம்பலால் அல்ல, பயத்தால் சுருக்கியிருந்தான். தாங்கள் பதினொரு ஆண்டுகளைச் சுருக்கியபோது அதில் மூன்று கெட்டில் இருந்தன, ஒரு தாழ்ப்பாள் இருந்தது, ஒரு ‘அக்கா’ இருந்தது. அவன் சுருக்கியதில் ஒன்றுமே இல்லை. வெறுங்கையோடு ஓடியிருந்தான். எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியிருந்தான்.

ஆகவே நானூற்றுப் பன்னிரண்டு தாளையும் ஒதுக்கிவிட்டு, வட்டமிட்ட இடத்தில் நின்றோம். இதுவரை வாசித்தது அந்த நிற்றலே. தொடக்கத்துப் பேருறுதியின்மேலும் தங்கள் நீலக் கோடு இருந்தது. அப்பகுதியை மட்டும் நீக்காமல் விட்டோம். எங்கள் வெட்கத்துக்கு ஒரு தலைவாசல் வேண்டுமல்லவா?

நேற்றுப் பிற்பகல் யுன்ஹோ தங்கள் மேசைக்கு வந்தான். நாங்கள் எல்லோரும் வேலை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மேடம், அன்னைக்கு அந்த நடுவர் கருத்த எழுதும்போது மணி மூணு. வெளியில பனி. எனக்கு முன்னாடி ஒரு கப்பு காபி இருந்துச்சு, அதுல...”

“தம்பி.”

“மேடம்?”

“இந்த எடத்துல ஓடலாம்.”

அவன் பனியையும் காபியையும் தாண்டி வந்தான். “தப்பு பண்ணிட்டேன் மேடம்.”

“ம்.” தாங்கள் டேப்பின் ஒரு நுனியை அவனிடம் நீட்டினீர்கள். “புடி, பெட்டிய ஒட்டணும்.” ஒட்டி முடித்தபின்தான் மற்றதைச் சொன்னீர்கள். “அந்தக் கதையில தேறுனது அந்த நாலு வரிதான். நீ சரியா அதத்தான் எடுத்துப் போட்டிருந்த. மத்ததெல்லாம் சுமார்.”

அது மன்னிப்பா, தண்டனையா என்று யுன்ஹோவுக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. தங்கள் எழுத்தில் எங்கள் இதழில் அச்சானவை அந்த நான்கு வரிகளே, அவையும் எங்கள் ஏளனத்துக்கு நடுவே. அதன்பின் எந்தக் குளிர்காலத்திலும் தாங்கள் கதை அனுப்பவில்லை.

நிறைமொழிச் செல்வியாரே!

இன்று இந்த மேசையில் கெட்டில் வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம். சட்டியில் கொண்டுவந்து அகப்பையால் ஊற்றுகிறார், முறைக்கிறார். முறைக்கட்டும். நாங்கள் கத்தியதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

மோக்போவில் கடற்காற்றும் நல்லுறக்கமும் தங்களுக்கு வாய்க்கட்டும். முழங்கால் வலி ஜொன்ஜுவோடு நின்றுவிடட்டும். மாலை ஐந்து மணிக்கு எங்கும் ஓட வேண்டியிராத நீண்ட வாழ்நாள் அமையட்டும். திருத்தி எழுதிய இந்த மடலைத் தங்கள் தட்டில் வைக்கவில்லை. தங்கள் பென்சில் படாமல் இப்பணிமனையிலிருந்து வெளியேறும் முதல் எழுத்து இது. பிழைகள் எங்களுடையவை.

சட்டத்துக்குள் இவ்வளவும் அடங்காது என்று சட்டம் போடுகிறவர் சொல்லிவிட்டார். எதைப் போடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், யாரும் கேட்காமலேயே, யுன்ஹோ ஒரு சிறு தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். சட்டத்துக்குள் இருப்பது, இனி வரும் ஆண்டுகளையும் சேர்த்து, இதுதான்:

“முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே ஜன்னலோரம். நூற்று இருபத்து நான்கு இதழ்கள். நீலப் பென்சில்கள் விரல் அளவாகத் தேய்ந்தன, சிவப்புப் பென்சில் நீளமாகவே இருந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள். வெங்காயத்தாள் வெட்ட வெட்ட வளர்ந்தது. புதுக் கெட்டில் ஒன்றே ஒன்று. கடைசிவரை அது அடிப்பிடிக்கவில்லை.”

தலைகுனிந்து,
‘கல்பாலம்’ பணிமனையினர் அனைவரும்,
ஜொன்ஜு.